குதிக்காலைப் பிடித்தவன் பெயர்

1647ஆம் ஆண்டில், யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கையில் இருந்த காலத்தில், தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் ஓர் அம்மானை பாடினார். சந்தியோகுமையோர் அம்மானை என்பது அதன் பெயர். கிளாலியிலே கோயில் கொண்ட புனிதரே பாட்டுடைத் தலைவர். ஈழத்து இலக்கிய வரலாற்றைப் புரட்டியவர்கள் இந்நூலின் பெயரைக் கட்டாயம் கண்டிருப்பர். கத்தோலிக்க இலக்கியம் என்ற தலைப்பின் கீழ் ஞானப்பள்ளுடன் சேர்த்து ஒரு வரியில் இதனைச் சொல்லிவிட்டு அப்பால் நகர்வதே நமது பாடநூல்களின் வழக்கம். நூலின் நயங்களை இன்று நான் எடுத்துரைக்கப் போவதில்லை. அதன் தலைப்பில் நிற்கின்ற பெயரைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

சந்தியோகுமையோர். இது என்ன பெயர்?

என் மாணவப் பருவத்தில் தமிழாசிரியர் ஒருவர் இதற்குப் பொருள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். சந்திவேளையில் யோகத்தில் அமர்ந்தவர், மை போன்ற கார்மேகமாய் அருள் பொழிபவர், ஆகவே சந்தி யோகு மையோர் என்று அவர் பதம் பிரித்தார். பெரும் சைவப் பண்டிதர் அவர். கம்பனைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். எந்தச் சொல்லையும் அந்நியமாக விட்டுவைக்க மனம் ஒப்பாதவர். அவரது பதப்பிரிப்பைக் கேட்டு வகுப்பில் ஒருவருமே சிரிக்கவில்லை. தமிழ்போல் ஒலித்தால் தமிழாகத்தானே இருக்க வேண்டும்!

உண்மையில் இது மூன்று போர்த்துக்கேயச் சொற்கள் ஒட்டிப் பிறந்த தமிழ்ப் பெயர். சாந்த் என்றால் புனிதர். இயாகு என்பது ஆளின் பெயர். மையோர் என்பது போர்த்துக்கேயரின் 'மயோர்', அதாவது பெரியவர். யேசுவின் பன்னிரு சீடருள் இந்தப் பெயருடையோர் இருவர் இருந்தனர். செபெதேயுவின் மகனைப் பெரியவர் என்றும் மற்றவரைச் சிறியவர் என்றும் திருச்சபை பிரித்துச் சொல்லிற்று. அந்தப் 'பெரியவர்' என்ற அடைமொழி கடல் கடந்து வந்தபோது தமிழர் அதனை அடைமொழியாகக் கொள்ளவில்லை. பெயரின் பகுதியாகவே கொண்டனர். சான்றோர், ஆன்றோர், பெரியோர் என்ற வரிசையிலே மையோர் என்பதும் இயல்பாகப் போய் அமர்ந்தது. பொருளும் பெரியோர், ஓசையும் பெரியோர். இப்படியொரு பொருத்தம் எல்லாச் சொல்லுக்கும் வாய்ப்பதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மன்னார் நாடகங்களுள் என்றீக்கு எம்பரதோர் நாடகம் என்று ஒன்றுண்டு. அங்கே எம்பரதோர் என்பது பேரரசன் என்னும் பட்டம். அதுவும் இவ்வாறே பெயரோடு ஒட்டி நம்மிடம் வந்து சேர்ந்தது.

சரி, நடுவில் நிற்கும் இயாகு யார்? அவனைத் தேடினால் வெகுதூரம் பின்னோக்கிப் போக வேண்டும்.

எபிரேய வேதத்தின் முதல் நூலில் ரெபேக்காள் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். மூத்தவன் ஏசா வெளியே வரும்போது இளையவன் அவன் குதிக்காலைப் பிடித்துக்கொண்டே பிறந்தானாம். எபிரேயத்தில் குதிக்கால் 'ஆக்கேவ்'. அதனால் பிள்ளைக்கு 'யாக்கோவ்' என்று பெயர். இவ்விரண்டு சொற்களிலும் தொண்டையின் அடியிலிருந்து எழும் ஓர் ஒலி உண்டு. ஒலிவாங்கியின் முன்னால் அதனைச் சொல்லிக் காட்டலாம். அச்சிலே காட்டத் தமிழெழுத்து இல்லை. அராபியர் அவ்வொலியை இன்றும் காத்து வைத்திருக்கின்றனர்.

பிறந்தபோது காலைப் பிடித்தவன், வளர்ந்தபின் அண்ணனின் காலை வாரினான் என்பதே கதை. கூழுக்குக் கவி பாடிய ஔவையை நாமறிவோம். பயற்றங்கூழுக்குத் தன் மூத்த பிள்ளை உரிமையையே விற்றவன் ஏசா. பின்னர் தகப்பனின் ஆசியும் தம்பியிடம் போய்விட்டதை அறிந்தபோது, பெயருக்கேற்றபடி இவன் என்னை இருமுறை ஏய்த்தானே என்று அவன் புலம்புகிறான். அதே எபிரேய வேர்ச்சொல் பின்தொடர்தலையும் குறிக்கும், ஏய்த்தலையும் குறிக்கும். பல ஆண்டுகளின் பின் யாக்கோபு ஓர் இரவு முழுவதும் முகந்தெரியாத ஒருவருடன் மல்லாடுகிறான். விடியும்போது தொடைச் சந்து சுளுக்கி நொண்டிக்கொண்டே போகிறான். அவ்விரவில் அவனுக்குக் கிடைத்த புதுப்பெயர்தான் இஸ்ரவேல். ஆயினும் பழைய பெயர் அவனைவிட்டுப் போகவில்லை. அந்நூலே இரண்டையும் மாறிமாறிச் சொல்கின்றது.

குதிக்கால் விளக்கம் கதைக்கு அழகு. ஆனால் மொழியாராய்ச்சியாளர் பலர் வேறு விளக்கம் தருவர். அக்காலத்துச் செமித்தியப் பெயர்களில் 'இறைவன் காப்பானாக' என்று பொருள்படும் நீண்ட பெயர் ஒன்று இருந்தது, யாக்கோபு அதன் குறுக்கம் என்பது அவர்கள் கருத்து. இதற்குச் சான்றும் இல்லாமலில்லை. எகிப்தின் கர்னாக் கோயிலில், கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்றாம் துத்மோஸ் மன்னன் வெட்டுவித்த ஊர்ப்பட்டியலில் யாக்கோப்-எல் என்று படிக்கத்தக்க ஒரு பெயர் உண்டு. அதற்கும் முன்னர், எகிப்தை அயலார் ஆண்ட காலத்து வண்டு வடிவ முத்திரைகளில் யாக்கூப்-ஹர் என்னும் பெயர் காணப்படுகின்றது. அப்படியாயின் பெயர் முந்தியது. குதிக்கால் கதை அதற்குப் பின்னர் தைத்த சட்டை. என் பண்டித ஆசிரியர் சந்தி யோகு மையோர் என்று பிரித்ததும் இதே வேலைதான்.

எபிரேயத்திலிருந்து கிரேக்கத்திற்குப் போனபோது பெயர் இரண்டாகப் பிரிந்தது. பழைய முற்பிதாவைக் கிரேக்க விவிலியம் 'யாக்கோப்' என்றே வேற்றுமையுருபு ஏற்காத சொல்லாக வைத்தது. யேசுவின் சீடரைச் சுட்டும்போது கிரேக்க விகுதி சேர்த்து 'யாக்கோபொஸ்' என்றது. தாத்தாவுக்கு வேட்டி, பேரனுக்குக் காற்சட்டை. இலத்தீன் மொழியும் இதே வேறுபாட்டைப் பின்பற்றியது. பின்பு பேச்சு இலத்தீனில் பகரம் மகரமாகிப் 'யாக்கோமுஸ்' பிறந்தது. இத்தாலியரின் ஜாக்கோமோ, ஸ்பானியரின் ஹைமே, பழைய பிரெஞ்சு வழியாக வந்த ஆங்கிலேயரின் ஜேம்ஸ் யாவும் இந்த மகரக் கிளையினர். பகரக் கிளையிலிருந்து பிரெஞ்சு ஜாக் வந்தது. ஆகவே யாக்கோபும் ஜேம்ஸும் ஒரே ஆள்பெயர் என்று சொன்னால் ஆங்கிலம் மட்டும் படித்தவர் வியப்படைவர். ஜேம்ஸ் மன்னன் தன் பெயரை வேதாகமத்தில் புகுத்திவிட்டான் என்று ஒரு கதை உலாவுகிறது. அது வெறும் கதை. 1611இல் அவன் ஆணையால் வெளிவந்த மொழிபெயர்ப்புக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, விக்கிளிஃபின் பெயரால் வழங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஜேம்ஸ் இருந்தார்.

ஸ்கொத்லாந்துக்காரர் செய்தது இன்னும் வேடிக்கை. அவர்களது கேலிக் மொழியில் பெயர் ஷேமஸ். விளிக்கும்போது முதலெழுத்துத் திரிந்து 'ஹேமிஷ்' என ஒலிக்கும். அந்த விளி வடிவத்தையே ஆங்கிலம் பேசுவோர் தனிப்பெயராக எடுத்துக்கொண்டனர். முருகன் என்பவனைப் பதிவேட்டில் 'முருகா' என்று எழுதினாற்போல. எட்டாம் வேற்றுமை எழுவாயாகிவிட்டது.

ஐபீரியக் கிளைக்கு வருவோம். நமக்கு உறவு அதுதான். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் பெயர் தேய்ந்து 'யாகோ' ஆயிற்று. புனிதர் என்ற சொல் முன்னால் ஒட்டிச் சந்தியாகோ ஆயிற்று. பின்னர் மக்கள் ஒட்டை வேறு இடத்தில் பிரித்தனர். சான் தியாகோ என்று வெட்டித் தியாகோ என்றொரு புதுப்பெயரை உண்டாக்கினர். போர்த்துக்கேயர் மத்தியில் இன்றும் அது பெருவழக்கு.

9ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இப்புனிதரின் கல்லறை கண்டெடுக்கப்பட்டதாக நம்பினர். கொம்பொஸ்தெலா என்னும் அவ்விடம் பெரும் யாத்திரைத் தலமாயிற்று. 844இல் கிளாவிஹோ என்ற இடத்தில் முஸ்லிம் படைக்கெதிரான போரில் புனிதர் வெண்குதிரை மீது தோன்றி வாள் வீசினார் என்று பிற்காலத்தில் ஒரு கதை எழுந்தது. அப்படியொரு போரே நடக்கவில்லை என்பது இன்றைய வரலாற்றாசிரியர் முடிபு. ஆனாலும் கதை நிலைத்தது. விவிலியத்தின்படி செபெதேயுவின் மகன் ஒரு மீனவர், ஏரோது மன்னனின் வாளால் மடிந்தவர். வாளால் மடிந்தவர் கையில் ஸ்பானியர் வாளைக் கொடுத்து மூர்களைக் கொல்பவர் என்று பட்டமும் சூட்டினர். அவர் பெயரே போர்க்குரலாயிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. 1195இல் அலார்க்கோஸ் என்னுமிடத்தில் கஸ்தீலியப் படை பெருந்தோல்வி கண்டது. அந்தப் படையினர் போற்றிய பெயர் சந்தியாகோ. எதிரே நின்று அவர்களை வென்ற அல்மொஹத் கலீபாவின் பெயர் அபூ யூசுப் யஃகூப் அல்மன்சூர். யாக்கோபு ஒருபுறம், யாக்கோபு மறுபுறம். தாங்கள் இருதரப்பாரும் ஒரே பெயரைத்தான் சுமந்து நிற்கின்றோம் என்று அந்தக் களத்தில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? திருக்குர்ஆனில் யஃகூப் ஒரு நபி. பிள்ளையைப் பிரிந்து அழுதழுது கண் வெளுத்த தந்தை. நம் நாட்டு முஸ்லிம்களிடையே யாக்கூப் என்று வழங்குவதும் அப்பெயரே.

ஷேக்ஸ்பியர் இதனை உணர்ந்திருந்தாரா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஒதெல்லோ நாடகத்தின் மூலக்கதையை இத்தாலியர் சிந்தியோ எழுதினார். அதில் வஞ்சகனுக்குப் பெயரே இல்லை; வெறும் கொடி தாங்கும் அதிகாரி. ஷேக்ஸ்பியர் அவனுக்கு இயாகோ என்று பெயரிட்டார். மூர் ஒருவனை அழிக்கின்றவனுக்கு, மூர்களைக் கொல்பவர் எனப் போற்றப்பட்ட புனிதரின் ஸ்பானியப் பெயர்! தற்செயல் என்பாரும் உளர். நான் அப்படி நினைக்கவில்லை. 1604 நவம்பர் முதலாம் திகதி அந்நாடகம் அரண்மனையில் நடிக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. அப்போது அரியணையில் இருந்தவன் முதலாம் ஜேம்ஸ். மேடையில் நஞ்சு பேசிய இயாகோவும் பெயரளவில் ஒரு ஜேம்ஸ்தான். சபையில் எவரும் அதனை வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்.

இதே புனிதர் கொலம்பஸின் பின்னால் அமெரிக்காவுக்கும் போனார். சிலியின் தலைநகரம் 1541இல் அவர் பெயரால் நிறுவப்பட்டது. அந்தீஸ் மலைமக்கள் ஸ்பானியரின் துப்பாக்கி வெடிக்கு முன்னால் அவர்கள் சந்தியாகோ என்று கூவுவதைக் கேட்டனர். தங்கள் இடித்தெய்வமாகிய இல்யாப்பாவே இவர் எனக் கண்டுகொண்டனர். விவிலியத்தில் யேசு இந்தச் சீடருக்கும் இவர் தம்பிக்கும் வைத்த பட்டப்பெயரும் இடிமுழக்கத்தின் மக்கள் என்பதே. தம்மைக் கொல்ல வந்த பெயரை எடுத்துத் தம் தெய்வத்துக்கே சூட்டிவிட்டார்கள் அந்த மலைமக்கள்.

யாழ்ப்பாணத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. இங்கிருந்த சோனகரையும் அவர்கள் தம் நாட்டுப் பழக்கத்தால் மூர் என்றே அழைத்தனர். ஆங்கில ஆவணங்களில் அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மூர் என்ற சொல்லும் மூர்களை வெட்டும் புனிதரின் பெயரும் ஒரே இனத்தவரின் கப்பல்களில் வந்திறங்கின. ஆனால் ஒரு தலைமுறை கழிவதற்குள், 1647இலே, தெல்லிப்பழைப் புலவர் ஒருவர் அப்புனிதரை அம்மானைத் தலைவராக்கிவிட்டார். அம்மானை நம் பெண்கள் காய் வீசி ஆடுகையில் பாடிய பாட்டு. வாள் வீசியவர் அந்த வடிவத்துக்குள் வந்து அடங்கினார்.

1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர். கோயில்கள் கைமாறின. பெயர்கள் வீட்டுக்குள் இருந்தன. 1687இல் யோசேவாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவில்லாத அந்தக் குடிகளிடம் எஞ்சியிருந்தவை செபங்களும் பெயர்களுமே. சந்தியா என்று குறுகிய பெயரோடு பிள்ளை சேர்ந்து சந்தியாப்பிள்ளை வந்தது. மனுவேல் மனுவேற்பிள்ளை ஆனான். எபிரேயச் சொல்லின் லகரமெய் தமிழ்ப் புணர்ச்சி விதிக்குப் பணிந்து றகரமெய் ஆவதைக் கண்டு நான் வியக்காத நாளில்லை. நன்னூலார் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கத்தோலிக்கக் குருமார் வேறொரு வழியும் கண்டனர். யோவான் என்பதற்கு இறையருள் என்னும் பொருள் இருப்பதால் அருளப்பர் என்றனர். பவுலுக்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள். அவரைச் சின்னப்பர் ஆக்கினர். ஆனால் யாக்கோபை எவரும் மொழிபெயர்க்கத் துணியவில்லை. குதிக்காலப்பர் என்று வைத்தால் யார் கும்பிடுவார்? ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு யாகப்பர் என்றனர். யாகம் என்ற சொல்லின் நிழல் அதில் விழுகிறது. சீடர்களுள் முதற்பலியானவருக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. வைத்தவர் எண்ணி வைத்தாரோ, தானாக அமைந்ததோ. குருநகர் ஆலயம் யாகப்பர் பெயரால் விளங்குவது. 1993 நவம்பரில் அதன்மேல் குண்டு வீழ்ந்து உயிர்கள் பலியாயின. நல்லூரிலே அங்கிலிக்கன் திருச்சபையின் ஆலயமோ சென் ஜேம்ஸ். பழைய கந்தசுவாமி கோயில் நின்ற இடம் அதுவே என்று கூறும் வரலாற்றாசிரியர் பலர். சந்தியோகுமையோர், யாகப்பர், சென் ஜேம்ஸ் என்று ஒருவருக்கே மூன்று பெயர். வேறுவேறு காலத்தில் வேறுவேறு ஆட்சியில் வந்த மூன்று கப்பல்களின் சுவடு என்று இதனைப் படிக்கலாம்.

புரட்டஸ்தாந்து வேதாகமம் முற்பிதாவையும் சீடரையும் ஒருசேர யாக்கோபு என்றே எழுதிவிட்டது. கிரேக்கர் பிரித்ததைத் தமிழ் மறுபடி சேர்த்தது. அந்தப் பெயருக்குத் தமிழில் இன்னொரு சலுகையும் உண்டு. தொல்காப்பியர் கணக்கில் யகரம் ஆகாரத்துடன் மட்டுமே சொல்லுக்கு முதலில் வரும். யோவானும் யூதாவும் யேசுவும் விதிக்குப் புறம்பானவர்கள். அதனால்தான் பலர் இயேசு என்று இகரம் போட்டு எழுதுகின்றனர். யாக்கோபு மட்டும் இகரத்தின் துணையின்றி நேராக உள்ளே வந்துவிட்டான். மலையாளத்தில் அவன் சாக்கோவும் ஆனான்.

1995இல் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தனர். அருளப்பர் யோவான் ஆனார். சின்னப்பர் பவுல் ஆனார். யாகப்பர் யாக்கோபு ஆனார். இரு சபையாரும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே நூலைப் படிப்பது நல்ல காரியம். மூலத்துக்கு அணுக்கம் என்பதும் உண்மை. இதனை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய வடிவங்கள் 'திரிபு', 'கொச்சை' என்று சிலர் பேசுவதைத்தான் ஒப்பமுடியவில்லை. திரியாத வடிவம் என்று எதனைச் சொல்கிறார்கள்? எபிரேயத் தொண்டையொலியைக் கிரேக்கர் விட்டார்கள். கிரேக்க விகுதியை இலத்தீன் மாற்றியது. அன்றாடப் பேச்சு பகரத்தை மகரமாக்கிற்று. ஜேம்ஸ் என்று எழுதினால் நாகரிகம், சந்தியாப்பிள்ளை என்று எழுதினால் கொச்சை என்பது மொழியியல் தீர்ப்பன்று, வேறு வகைத் தீர்ப்பு. சந்தியாப்பிள்ளையின் பேரன் ஜேம்ஸ் ஆவதை நம் குடும்பங்களில் சாதாரணமாகக் காணலாம். தாத்தாவின் பெயரைத்தான் தாம் வைத்திருக்கிறோம் என்பது பெற்றோருக்கே பல வேளை தெரிவதில்லை. புலம்பெயர்ந்து பாரிஸில் வாழும் ஒரு சந்தியாப்பிள்ளை அங்குள்ள சென் ஜாக் வீதி வழியே நடந்துபோகக்கூடும். கொம்பொஸ்தெலா யாத்திரிகர் ஒருகாலத்தில் நடந்த வீதி அது. வீதிப் பலகையில் இருப்பது தன் பெயர் என்று அவருக்கு யார் சொல்வார்?

கிளாலி என்றதும் நம்மவர் பலருக்கு அம்மானை நினைவுக்கு வருவதில்லை. 1990களின் முற்பகுதியில் தரைவழி அடைபட்டபோது குடாநாட்டு மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவில் வள்ளத்தில் கடந்த நீரேரியின் பெயராகவே அது நிற்கிறது. கடந்தவர்களில் எத்தனையோ பேர் சைவர்கள். கரையில் ஏறியதும் அவர்களும் புனிதரின் திக்கை நோக்கிக் கும்பிட்டார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எந்தப் பெயர் சொல்லிக் கும்பிட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அம்மானையில் மட்டும் பெயர் பழையபடியே இருக்கின்றது. திருவிவிலியத்தின்படி அதனைத் திருத்திப் பாடினால் எப்படியிருக்கும் என்று ஒருநாள் தனியே இருந்து பார்த்தேன். சந்தியோகு, மையோர் என்று இரண்டு சீர் நடந்த இடத்தில் யாக்கோபு என்று ஒரு சீர்தான் விழுகிறது. அடி நொண்டுகிறது.